பார்க்க ஆளில்லாத வீடியோ: மெத்பாட் மோசடி ஓடிய விதமும் பிடிபட்ட விதமும்

2021 நவம்பர் 10 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றம், அலெக்சாண்டர் ஜுகோவ் என்ற ரஷ்யருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 38 லட்சம் டாலருக்கும் மேல் பறிமுதல் செய்யவும் உத்தரவிட்டது. இவர் வங்கியை உடைத்தவரில்லை, கடவுச்சொல் திருடியவருமில்லை. இணையதளங்களில் விளம்பரம் போட்டுத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கினார். அந்த விளம்பரங்களை டல்லஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வாடகைக்கு எடுத்த சர்வர்களே 'பார்த்து' முடித்தன. கூட்டாளிக்கு அனுப்பிய ஒரு செய்தியில் தன்னைத்தானே 'மோசடி ராஜா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரசுத் தரப்பு அதை விடுமா? வழக்கு நெடுக அந்தப் பட்டம் கூடவே வந்தது.

மெத்பாட் என்று பெயர் பெற்ற இந்த மோசடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த பாட் (ஆளில்லாமல் தானே இயங்கும் நிரல்) எவ்வளவு தத்ரூபமாக மனிதனைப் போல நடித்தது என்பதையே வியந்து பேசுவார்கள். மவுஸ் நகர்ந்தது, வீடியோ பாதியில் நின்றது, ஃபேஸ்புக்கில் லாகின் செய்தது போலத் தெரிந்தது, இப்படி. ஆனால் விளம்பர மோசடியைக் கண்டுபிடிக்கும் வைட் ஆப்ஸ் நிறுவனம் 2016 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையையும் அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், நடிப்புக்கு இதில் பெரிய பங்கில்லை என்று தெரிகிறது. விற்பவர் எழுதிக் கொடுத்ததைச் சரிபார்க்கும் பழக்கம் சந்தைக்கே இல்லாமல் இருந்ததுதான் ஜுகோவின் உண்மையான முதலீடு. பாட் டிராஃபிக்கைக் கண்டுபிடிக்கவும் தடுக்கவும் நினைப்பவர்களுக்கு இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சரக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஏலத்தில் யார் பேச்சை யார் நம்புகிறார்கள்

ஒருவர் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறார். பக்கத்தில் விளம்பரத்துக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. பக்கம் முழுசாக வந்து சேர்வதற்குள் அந்த இடம் ஏலத்துக்குப் போய்விடும். தளத்தின் சார்பில் 'பிட் ரிக்வெஸ்ட்' என்ற சின்னத் தகவல் கட்டு விளம்பரச் சந்தைக்குப் போகிறது. அங்கிருந்து வாங்குவோரின் கணினிகளுக்குப் பரவுகிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் விலை சொல்லியாக வேண்டும். ஜெயித்தவரின் விளம்பரம் ஓடும்.

அந்தக் கட்டுக்குள் எந்த டொமைன் (தளத்தின் பெயர்), எந்தப் பக்கம், எந்த ஐபி முகவரி (இணையத்தில் இணைப்புக்கான எண்), என்ன பிரவுசர், என்ன சாதனம், பார்ப்பவரின் குக்கி (பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்பு) அடையாளம் என்ன என்று பல விவரங்கள் இருக்கும். இவற்றில் ஏறக்குறைய எல்லாமே அனுப்புபவர் தன் கையால் நிரப்புவது. டொமைன் பெயரை ஒரு வரி நிரலில் மாற்றி எழுதிவிடலாம். பிரவுசர் பெயரும் அப்படியே. கோரிக்கை நேராகப் பிரவுசரிலிருந்து வராமல் இடையில் ஒரு சர்வர் வழியாக வந்தால், ஐபி முகவரிகூட அந்த சர்வர் சொல்வதுதான்.

இதற்கு மேல் இடைத்தரகர் அடுக்கு. ஒரு தளத்தின் விளம்பர இடம் நேராகச் சந்தைக்கு வராமல் ஒரு நெட்வொர்க், அதை வாங்கி விற்கும் இன்னொரு நெட்வொர்க் என்று இரண்டு மூன்று கை மாறி வரலாம். கடைசியில் வாங்குபவருக்குத் தெரிவது டொமைன் பெயரும் தன் பக்கத்துத் தரகர் பெயரும் மட்டும்தான். ஜுகோவ் நடத்திய மீடியா மீத்தேன் இப்படிப்பட்ட ஒரு நெட்வொர்க்காகத்தான் தன்னைக் காட்டிக்கொண்டது. மற்ற நெட்வொர்க்குகளோடு ஒப்பந்தம் போட்டு விளம்பரக் குறிச்சொற்களை, அதாவது பக்கத்துக்குள் விளம்பரத்தை இழுத்து வரும் சிறு நிரல்களை, வாங்கியது. அவற்றை உண்மையான தளங்களில் பதிப்பதற்குப் பதிலாகத் தன் சர்வர்களிலேயே ஓட விட்டது.

விளம்பரம் ஓடிய பிறகாவது எந்தப் பக்கத்தில் ஓடியது என்று பார்த்துவிடலாமே என்று தோன்றும். விளம்பரங்கள் பெரும்பாலும் ஐஃப்ரேம் என்ற பெட்டிக்குள் ஓடுகின்றன. வேறொரு டொமைனுக்குச் சொந்தமான பெட்டிக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட், வெளியே உள்ள பக்கத்தின் உள்ளடக்கத்தைத் துருவிப் பார்க்க பிரவுசர் அனுமதிக்காது. பயனரின் பாதுகாப்புக்காகப் போட்ட நல்ல விதி அது. மோசடிக்காரர்களுக்கும் அதே விதி மறைப்பாகிப் போனது. மெத்பாட்டில் பிரவுசரே போலி என்பதால், 'வெளியே என்ன பக்கம்' என்ற கேள்விக்கும் அவர்கள் விரும்பிய பதிலையே கொடுக்க முடிந்தது.

ஒரு போலிப் பார்வை, முதலிலிருந்து கடைசி வரை

ஒரே ஒரு இம்ப்ரெஷனை, அதாவது விளம்பரம் ஒரு முறை காட்டப்படுவதை, எடுத்துக்கொள்வோம். மெத்பாட்டின் நிரல் முதலில் தன் பட்டியலிலிருந்து ஒரு பிரபலமான டொமைனைத் தேர்ந்தெடுக்கும். ஈஎஸ்பிஎன், வோக், ஃபாக்ஸ் நியூஸ், சிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் போன்ற பெயர்கள் அதில் உண்டு. வைட் ஆப்ஸ் எண்ணிப் பார்த்தபோது 6,111 டொமைன்களும் அவற்றின் பெயரில் 2,50,267 பக்க முகவரிகளும் வந்தன. தேர்ந்தெடுத்த முகவரியில் ஒரு 'பக்கம்' உருவாகும். அதில் செய்தி கிடையாது, படம் கிடையாது, மெனு கிடையாது. வீடியோ விளம்பரம் ஓட என்னென்ன வேண்டுமோ அது மட்டும்.

அடுத்து, தனக்கு ஒதுக்கப்பட்ட நெட்வொர்க் அடையாள எண்ணைப் போட்டு விளம்பரம் கேட்கும். எங்கோ ஒரு நிறுவனம் அந்த 'ஈஎஸ்பிஎன் பார்வையாளருக்காக' ஏலத்தில் விலை சொல்லி ஜெயிக்கும். விளம்பரம் ஒரு ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) வழியாக சர்வருக்குள் இறங்கும். உள்ளே இருப்பது குரோமும் இல்லை, ஃபயர்ஃபாக்ஸும் இல்லை. நோட்.ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் மென்பொருள்) மீது அவர்களே எழுதிய ஒரு பிரவுசர். அது ஒரு நேரம் தன்னை குரோம் என்று சொல்லும், இன்னொரு நேரம் சஃபாரி என்னும். விண்டோஸ் என்றும் மேக் என்றும் மாற்றி மாற்றிச் சொல்லும். குக்கிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு நூலகத்தையே பயன்படுத்தியிருந்தார்கள். முழு பிரவுசரையே ஓட்டியிருக்கலாமே என்றால், காரணம் செலவாகத்தான் இருக்க வேண்டும். ஒரே சர்வரில் எத்தனை 'பார்வையாளர்களை' அடைக்க முடியும் என்பதில்தான் இந்தத் தொழிலின் லாபம்.

வீடியோ 'ஓடும்'. திரையே இல்லாத இடத்தில் திரை அளவு அறிவிக்கப்படும். மவுஸ் நகரும், இடையிடையே கிளிக் விழும். விளம்பரத்தோடு சேர்ந்து அளவீட்டு நிறுவனங்களின் சோதனை ஸ்கிரிப்ட்களும் வந்து இறங்கும். இங்கேதான் ஜுகோவ் குழு நிஜமாகவே வேலை செய்திருந்தது. அந்த ஸ்கிரிப்ட்கள் என்ன கேட்கின்றன என்று முன்கூட்டியே பிரித்துப் படித்து, ஒவ்வொன்றுக்கும் அது எதிர்பார்க்கும் விடையைத் தயாராக வைத்திருந்தார்கள். 'வீடியோ கண்ணில் படும் இடத்தில் இருந்ததா?' ஆமாம். 'பார்ப்பவர் மனிதரா?' ஆமாம். கேள்வியை அனுப்பியவர், பதில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதவரை இது செல்லுபடியாகும்.

முகவரி இருக்கிறது, வீடு இல்லை

பாட் வேட்டையில் முதல் வடிகட்டி ஐபி முகவரி. வீடியோ பார்க்கும் மனிதர்கள் வீட்டு இணைப்பிலோ மொபைலிலோ இருப்பார்கள். சர்வர்களை அடுக்கி வைக்கும் டேட்டா சென்டரில் உட்கார்ந்து யாரும் கால்பந்து செய்தி படிப்பதில்லை. அதனால் டேட்டா சென்டர் ஐபிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, அங்கிருந்து வருவதை எல்லாம் கழித்துவிடுவது அப்போதே வழக்கத்தில் இருந்தது.

ஜுகோவ் இதற்கு வழி கண்டுபிடித்தது பணத்தாலும் படிவத்தாலும்தான். வைட் ஆப்ஸ் 5,71,904 முகவரிகளை அடையாளம் கண்டது. குற்றச்சாட்டுப் பத்திரம் 6.5 லட்சத்துக்கும் மேல் என்கிறது. இவ்வளவையும் குத்தகைக்கு எடுத்துவிட்டு, உலகளாவிய ஐபி பதிவேடுகளில் இவை அமெரிக்க வீட்டு இணைய நிறுவனங்களுக்குச் சொந்தமானவை என்று தோன்றும்படி பொய் விவரங்களைப் பதிந்தார்கள். பட்டியல் தயாரிக்கும் நிறுவனங்கள் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் 'இது வீடு, இது டேட்டா சென்டர்' என்று பிரித்தன. வாசலில் பெயர்ப் பலகையை மாற்றிவிட்டால் தபால்காரர் நம்பிவிடுவார் என்ற அளவிலான தந்திரம்தான். ஆனால் வேலை செய்தது.

இதைப் பிடிக்க அந்தக் காலத்திலேயே வழி இருந்தது என்பதுதான் எரிச்சலான விஷயம். பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றி எழுதலாம். அந்த முகவரிக்குப் போகும் தகவல் பாக்கெட்டுகள் எந்த நெட்வொர்க் வழியாக எங்கே போய்ச் சேர்கின்றன என்பதை அவ்வளவு சுலபமாக மாற்றி எழுத முடியாது. இந்த வழிகளைச் சொல்லும் ரூட்டிங் அட்டவணைகள் எல்லோரும் பார்க்கக் கூடியவை. வீட்டு இணைப்பு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு முகவரித் தொகுதி, வாடகை சர்வர் நிறுவனம் ஒன்றின் வழியாக மட்டும் இணையத்துக்கு அறிவிக்கப்படுகிறது என்றால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். வீட்டு இணைப்புகளில் பதில் வரும் நேரம் ஏறி இறங்கும், மாலை நேரத்தில் மந்தமாகும். டேட்டா சென்டரில் அது சீராக இருக்கும். பதிவேடு ஒன்றைச் சொல்லி ரூட்டிங் வேறொன்றைச் சொன்னால் நம்ப வேண்டியது ரூட்டிங்கைத்தான்.

முரண்படும் சாட்சிகள்

வைட் ஆப்ஸ் இந்த பாட்டின் முதல் தடயத்தை 2015 செப்டம்பரில் ஒரு வாடிக்கையாளரின் டிராஃபிக்கில் பார்த்தது. அப்போது அளவு குறைவு. 2016 அக்டோபரில் திடீரென்று வடிவம் மாறி, அளவும் வேகமாகப் பெருகியது. அந்தப் பெருக்கம்தான் அதைக் காட்டிக் கொடுத்தது எனலாம். நாளொன்றுக்கு 20 முதல் 30 கோடி வீடியோ பார்வைகள் என்ற நிலைக்குப் போனபோது, அத்தனை பார்வைகளுக்கும் பொதுவான ஒரு சாயல் இருந்தது.

அந்த வகைச் சாயலை எப்படிப் பிடிப்பார்கள்? ஒரு பிரவுசர் தன்னை குரோம் என்று அறிமுகம் செய்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான குரோம் எச்டிடிபி தலைப்புகளை (கோரிக்கையோடு செல்லும் குறிப்புகளை) ஒரு குறிப்பிட்ட வரிசையில் அனுப்பும். ஜாவாஸ்கிரிப்டில் வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்கினால், அதன் பிழைச் செய்தி குறிப்பிட்ட வாசகத்தில் வரும். சில அம்சங்கள் இருக்கும், சில இருக்கவே கூடாது. குறியாக்க இணைப்பைத் தொடங்கும் 'கைகுலுக்கலில்' அது முன்வைக்கும் சைஃபர் (குறியாக்க முறை) பட்டியலும் நீட்டிப்புகளும் ஒரு கைரேகை போல இருக்கும். அந்தக் கைரேகையை ஒரு சின்னச் சரமாகச் சுருக்கும் ஜேஏ3 என்ற முறை 2017-ல் வெளிவந்து பரவலானது. நோட்.ஜேஎஸ் நிரல் தன் பெயரை குரோம் என்று மாற்றிக்கொள்வது சுலபம். இணைப்பின் கைகுலுக்கலையும் பிழை வாசகத்தையும் தலைப்பு வரிசையையும் சேர்த்து ஒரே பொய்யாகக் கோப்பது கடினம்.

தனியாக எந்த அடையாளமும் யாரையும் குற்றவாளி ஆக்காது. மவுஸ் அசைவே இல்லாத பார்வையாளர், கீபோர்டிலேயே எல்லாம் செய்யும் பார்வைக் குறைபாடு உள்ளவராக இருக்கலாம். ஒரே ஐபியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தால், மொபைல் நிறுவனம் ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கலாம். நேர மண்டலமும் ஐபி காட்டும் நாடும் பொருந்தாவிட்டால் விபிஎன் காரணமாக இருக்கலாம். இவர்களையெல்லாம் பாட் என்று முத்திரை குத்தித் தள்ளும் வடிகட்டிகள் இன்றும் இருக்கின்றன. 'நாங்கள் இத்தனை சதவீதம் போலியைத் தடுத்தோம்' என்று பெருமையடிக்கும் அறிக்கையைக் கையில் வாங்கினால், அதில் எத்தனை பேர் நிஜ மனிதர்கள் என்று நான் முதலில் கேட்பேன். அதற்குப் பதில் கிடைப்பது அபூர்வம்.

ஆகவே தேட வேண்டியது முரண்பாட்டை. பதிவேடு வீடு என்கிறது, ரூட்டிங் டேட்டா சென்டர் என்கிறது. பெயர் குரோம், கைகுலுக்கல் நோட்.ஜேஎஸ். பக்கம் பிரபல செய்தித் தளம், ஆனால் அந்தத் தளத்தின் சொந்த லாகில் (வருகைப் பதிவில்) அந்த வருகையே இல்லை. இப்படி இரண்டு மூன்று சாட்சிகள் ஒரே இடத்தில் மோதினால் தயக்கமில்லாமல் முடிவெடுக்கலாம்.

இதில் கடைசியாகச் சொன்ன சாட்சிக்குச் செலவே கிடையாது. ஆனாலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது அதுதான். 2017-ல் லண்டனின் பைனான்சியல் டைம்ஸ் தன் பெயரில் சந்தைகளில் என்ன விற்கப்படுகிறது என்று தானே தேடிப் பார்த்தது. அந்தப் பத்திரிகை அப்படிச் சந்தை வழியாக வீடியோ விளம்பரமே விற்பதில்லை. ஆனால் அதன் பெயரில் வீடியோ இடங்கள் பல சந்தைகளில் தாராளமாகக் கிடைத்தன. போலிச் சரக்கின் மதிப்பு மாதத்துக்கு 10 லட்சம் பவுண்டு அளவுக்கு இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவைப்படவில்லை. தன் கடைப் பெயரில் வெளியே என்ன விற்கிறது என்று போய்ப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு 50 லட்சமா, மொத்தமே 70 லட்சமா?

மெத்பாட் என்றாலே ஊடகங்களில் ஓடும் எண், நாளொன்றுக்கு 30 முதல் 50 லட்சம் டாலர். வைட் ஆப்ஸின் மதிப்பீடு அது. ஆயிரம் பார்வைக்குச் சராசரி விலை 13.04 டாலர் என்று எடுத்துக்கொண்டார்கள். 30 கோடிப் பார்வையை அந்த விலையால் பெருக்கினால் சுமார் 39 லட்சம் டாலர் வருகிறது. எண் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது.

நீதித்துறையின் குற்றச்சாட்டு வேறு அளவில் பேசுகிறது. 2014 செப்டம்பர் முதல் 2016 டிசம்பர் வரை, யாரும் பார்க்காத விளம்பரங்களுக்காக நிறுவனங்கள் செலுத்தியது 70 லட்சம் டாலருக்கும் மேல். இரண்டு ஆண்டுக்கும் அதிகமான காலத்துக்கு மொத்தமே அவ்வளவு. அதே 13.04 டாலர் விலையில் 70 லட்சம் டாலருக்குச் சுமார் 54 கோடிப் பார்வைகள்தான் வரும். வைட் ஆப்ஸ் கணக்கில் அது இரண்டு மூன்று நாள் வேலை.

இரண்டில் ஒன்று பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்று, டிராஃபிக்கைப் பார்த்துச் சந்தை விலையால் பெருக்கிய மதிப்பீடு. இன்னொன்று, ஜூரியின் முன் ஆவணத்தோடு நிரூபிக்கக் கூடிய தொகை. கேட்ட விளம்பரம் எல்லாம் கிடைப்பதில்லை. கிடைத்ததற்கெல்லாம் முழு விலை கிடைப்பதில்லை. சில பார்வைகளை யாரோ ஒருவர் வடிகட்டிப் பணம் தராமல் விட்டிருப்பார். இருந்தாலும் இவ்வளவு இடைவெளி ஒன்றைச் சொல்கிறது: மோசடி எதிர்ப்புத் தொழில் தானே சொல்லும் பெரிய எண்களை வைத்து பட்ஜெட் முடிவெடுக்கக் கூடாது. திட்டக் கூட்டங்களில் திரையில் வந்து நிற்கும் அந்தக் கோடிகளை நான் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கேட்பேன்.

பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் நியூயார்க் டைம்ஸ், நெஸ்லே பூரினா, காம்காஸ்ட் போன்ற பெரிய பெயர்களோடு டெக்சாஸ் ஸ்காட்டிஷ் ரைட் என்ற குழந்தைகள் மருத்துவமனையும் இருந்தது. காம்காஸ்ட் அங்கே இருப்பதுதான் வேடிக்கை. வீட்டு இணையம் விற்கும் நிறுவனம், வீட்டு இணைப்பு என்று வேஷம் போட்ட முகவரிகளிடமே ஏமாந்தது.

2016 டிசம்பரில் வைட் ஆப்ஸ் ஐபி முகவரிகளையும் டொமைன் பட்டியலையும் பகிரங்கமாக வெளியிட்டது. குத்தகைக்கு எடுத்த முகவரிகள் ஒரே நாளில் செல்லாக்காசு ஆயின. அவற்றின் சந்தை மதிப்பே 40 லட்சம் டாலருக்கு மேல் என்று அதே அறிக்கை கணித்திருந்தது. ஜுகோவ் 2018 நவம்பரில் பல்கேரியாவில் கைதானார். அடுத்த ஜனவரியில் அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்டார். 2021 மே மாதம் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

ஈவ்: பிடிக்காமல் காத்திருந்தார்கள்

அதே 2018 நவம்பரில் அதே வழக்குக் கட்டில் இன்னொரு கும்பலும் வெளிச்சத்துக்கு வந்தது. ஈவ் என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி, மெத்பாட்டைப் போல வாடகை சர்வரை நம்பவில்லை. கோவ்டர் என்ற மால்வேர் மூலம் சாதாரண மக்களின் கணினிகளுக்குள் நுழைந்து, அங்கே கண்ணுக்குத் தெரியாத பிரவுசரைத் திறந்து, போலிப் பக்கங்களில் விளம்பரங்களை ஓட்டியது. நீதித்துறைக் கணக்கில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். விளம்பரதாரர்கள் இழந்தது 2.9 கோடி டாலருக்கும் மேல்.

இங்கே முந்தைய வடிகட்டிகள் கைவிரித்துவிடும். ஐபி உண்மையான வீட்டு ஐபி. பதிவேடும் ரூட்டிங்கும் ஒத்துப்போகும். பிரவுசரும் குரோமின் மூல நிரலான குரோமியம் அடிப்படையில் ஓடியதால் கைரேகையும் பெரிய அளவில் இடறாது. அந்தக் கணினியின் முன்னால் ஒரு நிஜ மனிதர் வேறு வேலை பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரே பொய், டொமைன் பெயர்தான். கள்ளப் பெயரில் உருவாக்கிய தளங்கள் 10,000-ஐத் தாண்டின. ஈவின் இன்னொரு கிளை ரூட்டிங் அறிவிப்பையே கடத்தி, மற்றவர்களின் ஐபி தொகுதிகளைத் தற்காலிகமாகத் தனதாக்கிக்கொண்டது. ரூட்டிங்கை நம்பலாம் என்று கொஞ்சம் முன்னால் சொன்னதற்கும் எல்லை உண்டு என்பது இதிலிருந்து தெரியும். முகவரித் தொகுதி ஒன்று திடீரென்று புது வழியில் அறிவிக்கப்பட்டால், சில நாளாவது அதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

கூகுளும் வைட் ஆப்ஸும் 2017-ல் இதைக் கவனித்தபோது உடனே தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. காரணம் எளிது. ஒரு பாட்டைத் தடுத்த மறு நிமிடம் அதை ஓட்டுபவருக்கு வருமானம் குறையும். எந்த மாற்றத்துக்குப் பிறகு குறைந்தது என்று பார்த்து, எந்த அடையாளம் பிடிபட்டது என்று கண்டுபிடித்துவிடுவார். அடுத்த வாரம் புது வடிவத்தோடு வருவார். தடுப்பு ஒவ்வொன்றும் எதிராளிக்கு இலவசப் பாடம். ஆகவே பல நிறுவனங்கள் சேர்ந்து சத்தமில்லாமல் கவனித்தன. விசாரணை அமைப்புகளும் உள்ளே வந்தன. உச்சத்தில் நாளொன்றுக்கு 300 கோடி முதல் 1,200 கோடி பிட் ரிக்வெஸ்ட் வரை இவர்களிடமிருந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பொறுமை காட்டுவது சாதாரணமில்லை. விளம்பரதாரர்களின் பணம் அந்த நாட்களில் போய்க்கொண்டுதானே இருந்தது என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்வி.

அப்புறம் ஒரே அடி. எஃப்பிஐ 31 டொமைன்களைக் கைப்பற்றியது. 89 சர்வர்களிலிருந்து தகவல் எடுத்தது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளில் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. நடவடிக்கை தொடங்கிய 18 மணி நேரத்துக்குள் ஈவின் டிராஃபிக் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியதாக கூகுள் பதிவு செய்திருக்கிறது.

அனுமதிப் பட்டியல் வந்த பிறகு

இவ்வளவுக்கும் நடுவே, விளம்பரத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஏபி டெக் லேப் 2017-ல் ஒரு சாதாரண உரைக் கோப்பை முன்வைத்தது. பெயர் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி. ஒவ்வொரு தளமும் தன் டொமைனின் வேரில் (முதல் நிலை முகவரியில்) இதை வைக்க வேண்டும். ஒரு வரியில் சந்தையின் பெயர், அந்தச் சந்தையில் தன் கணக்கு எண், நேரடி விற்பனையா மறுவிற்பனையா என்ற குறிப்பு. என் பெயரில் விற்க உரிமை உள்ளவர்கள் இவர்கள் மட்டும் என்று தளமே சொல்லிவிடுகிறது. பிட் ரிக்வெஸ்டில் ஈஎஸ்பிஎன் என்று இருந்தால் வாங்குபவர் ஈஎஸ்பிஎன் தளத்தின் கோப்பைத் திறந்து, விற்பவரின் கணக்கு எண் அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் விலையே சொல்லாமல் விடலாம்.

மெத்பாட் இந்தக் கோப்பு பரவலான காலத்தில் வந்திருந்தால் அதன் 6,111 டொமைன் பட்டியலில் பெரும்பகுதி முதல் நாளே வீணாகியிருக்கும். பாட்டின் நடிப்பை ஒரு வரிகூட ஆராய வேண்டியிருக்காது. என் கணிப்பில், கடந்த பத்தாண்டில் இந்தத் துறையில் வந்த தடுப்புகளில் செலவுக்குத் தகுந்த பலன் கொடுத்தது இந்த உரைக் கோப்புதான். 2019-ல் விற்பவர் யார் என்று சந்தைகளே பட்டியலிடும் செல்லர்ஸ்.ஜேசன் கோப்பும், ஒரு இம்ப்ரெஷன் எத்தனை கை மாறி வந்தது என்று கூடவே அனுப்பும் சப்ளை செயின் தகவலும் சேர்ந்தன. மொபைல் ஆப்களுக்கும் இதே போன்ற கோப்பு வந்தது.

ஓட்டைகளும் உண்டு. கோப்பில் நூற்றுக்கணக்கான மறுவிற்பனையாளர் வரிகளைச் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத தளங்கள் ஏராளம். யாரை எப்போது ஏன் சேர்த்தோம் என்று தளத்துக்காரருக்கே நினைவிருக்காது. அந்த வரிகளில் ஒன்று போதும், போலிச் சரக்கு சட்டபூர்வமாக உள்ளே வர. சொந்தத் தளத்தில் சொந்தப் பெயரிலேயே பாட்டை ஓட்டுபவரையும் இந்தக் கோப்பு தொடாது. 2023 ஜனவரியில் வெளிவந்த வாஸ்ட்ஃப்ளக்ஸ் விவகாரம் ஆப்களுக்குள் நடந்தது. விளம்பர இடம் ஒன்றில் 25 வீடியோ பிளேயர்கள் வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓடின, பயனரின் கண்ணில் எதுவும் படவில்லை. 1,700 ஆப்களின் பெயரைப் பயன்படுத்தியது, உச்சத்தில் நாளொன்றுக்கு 1,200 கோடி விளம்பரக் கோரிக்கைகள். கண்டுபிடித்தது அதே வைட் ஆப்ஸ்தான், அப்போது அதற்கு ஹியூமன் என்று புதுப் பெயர்.

தடுப்பவர் மேசையில்

விளம்பரம் வாங்கும் இடத்தில் இருப்பவர்கள் இந்த வழக்கிலிருந்து நேரடியாக எடுத்துப் பயன்படுத்தக் கூடியவை சில. முதலாவது, லாக். தொகுத்த அறிக்கையில் 'இத்தனை லட்சம் பார்வை, இத்தனை சதவீதம் செல்லாதது' என்று மட்டும் வரும். ஒவ்வொரு இம்ப்ரெஷனுக்கும் டொமைன், விற்பவர் எண், ஐபி, நேரம் அடங்கிய மூல லாகைக் கேளுங்கள். தர மறுக்கும் இடத்தில் செலவைக் குறையுங்கள். அந்த லாகை விற்பவர் எண்படி அடுக்கினால் பல நேரம் வேறெதுவும் தேவைப்படாது. டொமைன் பட்டியலைப் பார்த்துச் சந்தேகம் வராதவர்களுக்கும், ஒரே விற்பவர் எண்ணுக்குக் கீழே ஊரில் உள்ள பிரபலத் தளம் எல்லாம் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்தால் புருவம் உயரும்.

இன்னொன்று, தானியங்கி ஏலம். கிளிக் அதிகம் வரும் இடத்துக்கே பணத்தைத் தள்ளும்படி இந்த முறைகள் அமைந்திருக்கின்றன. பாட்டுக்குக் கிளிக் செய்யச் சோம்பலே கிடையாது. படிவத்தில் பெயரும் மின்னஞ்சலும் நிரப்புவதையே இலக்காக வைத்தால் அதையும் நிரப்பும். அப்படிப் பாட் நிரப்பிய படிவங்களை வெற்றி என்று கணினி கற்றுக்கொண்டால், அடுத்த மாத பட்ஜெட்டும் அங்கேயே போகும். ஆகவே போலியைக் கழிப்பது அறிக்கையில் மட்டும் நடந்தால் போதாது, கற்பிக்கும் தரவிலிருந்தே கழிக்க வேண்டும். முடிந்தால் இலக்கைக் கிளிக்கிலிருந்து, பணம் செலுத்திய வாடிக்கையாளர், தொலைபேசியில் பேசி உறுதியான விசாரிப்பு போன்ற பாட்டால் எட்ட முடியாத இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

எந்த இடத்தில் தடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். ஏலத்துக்கு முன்னால் தடுத்தால் காசு மிச்சம், ஆனால் அப்போது கையில் இருப்பது பிட் ரிக்வெஸ்டில் எழுதிய விவரம் மட்டும். அங்கே ஆட்ஸ்.டிஎக்ஸ்டி, விற்பவர் எண், ஐபி தொகுதி போன்ற கறாரான சோதனைகளை வைக்கலாம். பிரவுசர் கைரேகை, நடத்தை போன்ற நுட்பமான சோதனைகள் விளம்பரம் ஓடிய பிறகே கிடைக்கும். அவற்றின் முடிவை உடனுக்குடன் தடுப்பாக மாற்றினால் ஈவ் விஷயத்தில் சொன்ன அதே இலவசப் பாடம்தான். பல குழுக்கள் இப்போது அந்த முடிவுகளைச் சேர்த்து வைத்து, ஒழுங்கில்லாத இடைவெளியில் மொத்தமாக அமல்படுத்துகின்றன. எதனால் மாட்டினோம் என்று எதிராளிக்குப் புரியக் கூடாது.

கடைசிக் கதவு பணம் பட்டுவாடா. விளம்பரம் ஓடிய மறுநாளே யாரும் பதிப்பாளருக்குப் பணம் கொடுப்பதில்லை. ஒப்பந்தத்தைப் பொறுத்து ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் போகும். மெத்பாட்டின் வருமானம் பல நாடுகளில் இருந்த நிறுவனக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது, இந்தக் கால இடைவெளியைத் தாண்டித்தான். புதிதாகச் சேர்ந்த விற்பவர் என்றால் அந்த இடைவெளியைக் கூட்டலாம். டிராஃபிக் திடீரென்று பல மடங்கானால் பட்டுவாடாவை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்கலாம். செல்லாத டிராஃபிக் என்று பின்னால் தெரிந்தால் பிடித்தம் செய்யும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கலாம். எழுதாமல் விட்டவர்கள் மோசடி வெளியான பிறகு யாரிடம் திருப்பிக் கேட்பது என்று தெரியாமல் தரகருக்குத் தரகர் கை காட்டுவதைத்தான் பார்த்தார்கள்.